மேடேறும்போது நெஞ்சு இறுக்கம்: டிரைமெட்டாசிடினா, ரனோலாசினா?

நீலகிரியின் உறைபனிக் காலையில், கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து எடை போடும் இடத்துக்கு மேடேறுகிறவருக்குச் சர்க்கரை நோயோடு இதயக் குழாய் அடைப்பும் இருந்தால், பாதி வழியிலேயே நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அதே நேரத்தில் ஏற்றம் இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் கூட்டுகிறது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் முன்பே தாழ்ந்திருப்பவருக்கு, நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரையோ இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரேட்டையோ மேலும் கூட்ட முடியாது. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பெரிதாகக் குறைக்காத டிரைமெட்டாசிடினும் ரனோலாசினும் அந்த நிலையில்தான் மருந்துச் சீட்டில் இடம்பெறுகின்றன.

இதயத் தசை தனக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைக் கொழுப்பை எரித்தே பெறுகிறது. சர்க்கரை நோயில் இந்தச் சார்பு இன்னும் மிகுகிறது. ஆனால் ஒரே அளவு ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பைவிடக் குளுக்கோஸிலிருந்து கூடுதல் ஆற்றல் கிடைக்கும். டிரைமெட்டாசிடின் கொழுப்பு எரிப்பில் ஒரு நொதியைத் தடுத்து, இதயத்தைக் குளுக்கோஸ் பக்கம் திருப்புகிறது. கருத்தளவில் இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை என்றே தோன்றும். ஆயினும் ஸ்டென்ட் வைத்த 6,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2020-இல் வெளியான ஏ.டி.பி.சி.ஐ. ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதைச் சேர்த்ததால் பலன் கூடவில்லை. கைநடுக்கமோ பார்க்கின்சன் நோயோ உள்ளவர்களுக்கு இது ஆகாது. சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கும் கூடாது. வயதானவரின் கைநடுக்கத்தைக் குளிரின் மேல் பழிபோட்டு விட்டுவிடுவது மலையில் எளிது என்பதால், மாத்திரை தொடங்கும் முன்பே அதைக் கவனிக்க வேண்டும்.

ரனோலாசினும் முதலில் கொழுப்பு எரிப்பைத் தடுப்பதாகவே கருதப்பட்டது. இதயச் செல்லுக்குள் தாமதமாக நுழையும் சோடியத்தைத் தடுப்பதே அதன் முதன்மையான வேலை என்பது பின்னர் தெளிவாயிற்று. சர்க்கரை நோயாளிகளிடம் மட்டுமே நடத்தப்பட்டு 2013-இல் வெளியான டெரிசா ஆய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக 4.3 முறை வந்த நெஞ்சுவலி, ரனோலாசின் எடுத்தவர்களுக்கு 3.8 முறை வந்தது. வேறுபாடு சிறியதுதான், ஆனால் உண்மையானது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி அளவும் இம்மருந்தால் சற்றுக் குறைவது வேறு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மலச்சிக்கலும் தலைசுற்றலும் வரலாம். செங்குத்தான சரிவில் வேலை செய்கிறவருக்குத் தலைசுற்றல் சின்ன விஷயமல்ல.

ஆயுளை நீட்டும் மருந்து என்று இரண்டையுமே சொல்ல இயலாது. அந்த வேலைக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டினும், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மருந்துகளும் இருக்கின்றன. அவை சீட்டில் இல்லாமல் இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால், அதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

என் சாய்வு, கல்லீரலும் இசிஜியும் சீராக உள்ள சர்க்கரை நோயாளிக்கு ரனோலாசின் பக்கம். கல்லீரல் சுருக்கம், இசிஜியில் நீண்ட க்யூ.டி. இடைவெளி (ஒரு துடிப்பில் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரம்), அல்லது ஏற்கெனவே நீண்ட மாத்திரைப் பட்டியல் இருந்தால், நடுக்கமும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவருக்கு டிரைமெட்டாசிடினே தேவலாம். ரனோலாசினை முழு அளவில், அதாவது 1,000 மி.கி. வீதம் இருவேளை, எடுப்பவருக்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் நாளுக்கு 1,700 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கோயம்புத்தூரில் இதய மருத்துவர் எழுதிய சீட்டை வீட்டில் வைத்துவிட்டுக் குளிர்கால இருமலுக்குப் பக்கத்து மருத்துவரிடம் போனால், அவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதக்கூடும். அது ரனோலாசினின் அளவை இரத்தத்தில் ஏற்றி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடும் என்பதால், இரண்டும் சேரவே கூடாது.