வகுப்பறைக்குச் சாதாரண பென்சில் செல்லே போதும்

ஆறாம் வகுப்புக்கு மின்னியல் பாடம் நடத்தப் பல வருஷமாக நான் வாங்குவது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே சாதாரண பென்சில் செல்தான், அதாவது 1.5 வோல்ட் துத்தநாக-கார்பன் செல். விலை கூடின அல்கலைன் செல் நிறைய நாள் உழைக்கும், உண்மைதான், ஆனால் வகுப்புக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் இதுதான். எவ்வளவு சொன்னாலும் ஏதாவது ஒரு பிள்ளை ஒரே வயரின் இரண்டு முனையையும் செல்லின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கத்தான் செய்யும். அல்கலைனுக்கு அகமின்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை, குறைவு என்பதால் அப்படி ஷார்ட் ஆகும்போது பல ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து வயர் சட்டென்று சுட்டுவிடும். சாதாரண செல்லும் சூடாகும், ஆனால் அதன் அகமின்தடை அதிகம், அந்த அளவுக்கு மின்னோட்டத்தைக் கொடுக்க அதனால் முடியாது, சீக்கிரம் சோர்ந்தும்விடும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது, ஷார்ட்டில் அதுவும் பொல்லாதது. பழைய பவர் பேங்கில் கழற்றிய லித்தியம் செல்லை யாராவது ஆசையாகக் கொண்டுவந்தால் திட்டாமல் வாங்கித் தனியாக வைத்துவிடுங்கள். பட்டன் செல்லும் வேண்டாம், விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும்.

செல் ஹோல்டர், டார்ச் பல்பு, சுவிட்ச் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். ஹோல்டர் கண்டிப்பாக வேண்டும், வயரை விரலால் அழுத்திப் பிடித்தால் சூடு முதலில் விரலுக்குத்தான். ஒரு செல்லில் சிவப்பு எல்இடி எரியாது, அதற்கே சுமார் 2 வோல்ட் வேண்டும். இரண்டு செல்லைத் தொடராகப் போட்டு நடுவில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் அழகாக எரியும். அப்போது ஒன்று பழசு ஒன்று புதுசு என்று கலக்காதீர்கள், பழசு ஒழுகும்.

இந்தச் செல்லின் ஒரே பெரிய குறையும் அந்த ஒழுகல்தான். வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகமே எதிர்மின்வாய், மின்னோட்டம் பாயப் பாய அதுவே கரைகிறது. மே மாத லீவில் ஹோல்டருக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனால் ஜூனில் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், அடியில் பிசுபிசுவென்று பழுப்பு நீர், நம்மூர்ப் புழுக்கத்தில் துருவும் சேர்ந்துகொள்ளும். வெறும் கையால் தொடாமல் துணியால் துடைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அப்புறம், உள்ளே இருக்கும் கார்பன் தண்டைப் பார்க்க எல்லாருக்கும் ஆசைதான். அதற்காகச் செல்லைப் பிளக்க விடாதீர்கள், போர்டில் படம் வரைந்தே காட்டிவிடலாம்.