ஊட்டிக் குளிரில் பத்மினி: காலை ஸ்டார்ட்டிங் தொல்லை தீர்ந்த விதம்

என்னிடம் இருப்பது 1983 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சிசி பெட்ரோல் இன்ஜின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பழைய சோலெக்ஸ் கார்பரேட்டர். மத்தியானத்தில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். ஊட்டியில் உறைபனி கொட்டும் டிசம்பர், ஜனவரி காலைகளில் மட்டும் செல்ஃப் மோட்டார் முக்கி முனகும், இன்ஜின் பிடிக்காது. நாற்பது வயசான வண்டி, அதைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சரிசெய்த பிறகு இரண்டு குளிர்காலம் ஓட்டியாகிவிட்டது. இனி தைரியமாக எழுதலாம்.

இந்தத் தொல்லையைச் சொன்னதுமே எல்லோரும் கை வைக்கச் சொல்வது கார்பரேட்டரில்தான். “கார்ப மாத்திடுங்க சார், வேற வழியே இல்ல” என்றுதான் பார்த்த மெக்கானிக்குகளில் பாதிப் பேர் சொன்னார்கள். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது கரண்ட்.

பேட்டரி நல்ல நிலையில்தான் இருந்தது, ஓய்வில் 12.6 வோல்ட். ஆனாலும் செல்ஃப் மெதுவாகவே சுற்றியது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மீட்டர் ஒரு வோல்ட்டை நெருங்கியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் சரியில்லை என்று அர்த்தம். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் அதற்கும் நடுவில் போகும் எர்த் ஒயர்தான் செல்ஃபுக்கு வேண்டிய அத்தனை கரண்டையும் சுமக்கிறது. கழற்றிப் பார்த்தால் செம்புப் பின்னல் பச்சை பூத்து, நுனியில் பாதி இழைகள் அறுந்து கிடந்தன. புதிய பட்டை ஒன்று வாங்கி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினேன். செலவு சில நூறு ரூபாய்தான். அன்றிலிருந்து செல்ஃப் சுற்றும் சத்தமே வேறு. செல்ஃப் வோல்ட்டேஜை விழுங்கினால் ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலுக்கும் குறைவாகத்தான் போகும், ஸ்பார்க்கும் நோஞ்சானாகிவிடும். குளிர்ந்த இன்ஜினுக்கு நல்ல ஸ்பார்க் வேண்டிய நேரத்தில்தான் இப்படி நடக்கிறது.

ஸ்பார்க்குக்கான பாயிண்ட், கண்டென்சர், பிளக் மூன்றையும் அதே வாரத்தில் மாற்றினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம் சோக், அதாவது குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கலவை கொடுக்க இழுக்கும் குமிழ். பானெட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒருவரை சோக் இழுக்கச் சொல்லி, கார்பரேட்டரில் இருக்கும் லீவரைப் பாருங்கள். என் வண்டியில் குமிழ் முழுக்க வெளியே வந்தும் லீவர் முக்கால்வாசி தூரம்தான் திரும்பியது. கேபிள் நழுவியிருந்தது; ஒரே ஒரு ஸ்க்ரூதான்.

இந்த சோலெக்ஸில் காற்று வழியை அடைக்கும் சோக் மூடி கிடையாது. தனியாக ஒரு வட்டத்தட்டு திரும்பி, த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) கீழே கூடுதல் பெட்ரோல் கலவையை விடுகிறது. இன்ஜின் அதை உறிஞ்ச வேண்டுமானால் த்ராட்டில் மூடியிருக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த உறிஞ்சல் போய்விடும், சோக் இழுத்தும் பலன் இருக்காது. சோக் மூடி உள்ள கார்பரேட்டரில் ஓட்டிப் பழகியவர்கள் இரண்டு மிதி மிதித்துவிட்டு சாவியைத் திருப்புவார்கள். என் வண்டியைக் கடன் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே நிபந்தனை, காலைத் தரையில் வை என்பதுதான்.

ஊட்டிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம் என்பதால் காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெலிது. சமவெளியில் சரியாக இருக்கும் ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை), இங்கே பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். அதனால் முதல் இரண்டு முயற்சியில் பிடிக்காவிட்டால் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, தேங்கிய பெட்ரோல் வெளியேற இப்போது மட்டும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். பெட்ரோல் வாசம் தூக்கினால் பிளக்கைக் கழற்றித் துடைப்பதே மேல்; பேட்டரியாவது மிஞ்சும்.

20W-50 இன்ஜின் ஆயிலிலிருந்து, குளிரில் அதைவிட இளகலாக இருக்கும் 15W-40க்கு மாறியதில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. கொஞ்சம்தான். மஞ்சு மூடும் நாட்களில் பிளக்குகளுக்கு கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியை உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைப்பது அதைவிடப் பலன் தருகிறது. பானெட் மேல் கம்பளி போர்த்துவது பார்வைக்குப் பாசமாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னும் தீராதது ஒன்று. ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, பம்ப் அதை நிரப்பும்வரை நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் குளிரில் ஒத்துழைப்பதில்லை. எத்தனால் ஆவியாக அதிகச் சூடு வேண்டும். பழைய ரப்பர்களையும் அது சும்மா விடாது என்பதால் பம்ப் டயாஃப்ரத்தையும் ஹோஸையும் மாற்றிவிட்டேன். சேம்பர் காய்வதற்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை. நடுவில் ஒருநாள் மார்க்கெட் வரை ஓட்டிவிட்டு வருகிறேன்.

வண்டி பிடித்ததும் சோக்கைப் பாதிக்குத் தள்ளி, ஒரு நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பிவிடுகிறேன். இழுத்தபடியே நிறுத்தி உறுமவிட்டால் அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும்.