மலையகக் கோழிக்கூட்டுக்கு எந்தக் கூளம்? உமி, சீவல், மரத்தூள், தும்புத்தூள்

அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் கூட்டுத் தரைக்குக் கூளம் தேடுகிறவர்கள் பார்க்க வேண்டியது, அது இழுத்த ஈரத்தை எவ்வளவு சீக்கிரம் விடும் என்பதைத்தான். மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும் விடாத இடத்தில் எதுவும் தானாகக் காயாது.

தேங்காய் மட்டையிலிருந்து கிடைக்கும் தும்புத்தூள் இங்கேதான் தோற்றுப்போகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. எச்சம் அதில் ஊறினால் கண்ணைக் கரிக்கும் அமோனியா கிளம்பும். இரத்தக் கழிச்சல் கிருமிக்கும் அந்த ஈரம்தான் வசதி. அதே மாதங்களில் காய்ந்த காற்று வீசும் பதுளை, வெலிமடைப் பக்கம் என்றால் வாங்கலாம்.

எங்கள் முதல் தெரிவு உமி. ஈரத்தை அதிகம் இழுக்காது, ஆனால் கட்டிபடாது. கிளறினால் காற்று அடிவரை போகும். இந்தப் பக்கம் நெல் ஆலை அரிது என்பதால் மகியங்கனை, பொலன்னறுவைப் பக்கமிருந்து வர வேண்டும். உமியின் விலையை விட லொறிக் கூலிதான் கடிக்கும். நாலைந்து வீட்டார் சேர்ந்து எடுப்பது நல்லது. 10 அடிக்கு 10 அடிக் கூட்டில் 4 அங்குலம் பரப்ப 33 கன அடி வேண்டும். 50 கிலோ அரிசி பிடிக்கும் சாக்கில் நிரப்பினால் 13, 14 சாக்கு உமி தேவைப்படும். வாங்கும்போது சாக்கின் நடுவில் கையை விடுங்கள். சூடோ பூஞ்சை வாடையோ இருந்தால் வேண்டாம். குஞ்சின் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

தச்சுப் பட்டறைச் சீவலும் உமிக்குக் குறைந்ததல்ல. மருந்தடித்த மரமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பொடி மரத்தூளைக் குஞ்சுகள் தீன் என்று கொத்தும். முதல் வாரம் மேலே சணல் சாக்கு விரிக்க வேண்டும். பத்திரிகைத்தாள் விரித்தால் வழுக்கிக் கால் விரிந்துபோகும். மானாப்புல் நீளமாகக் கிடந்தால் பாய்போல் படிந்து அடியில் அழுகும். முட்டைப் பெட்டிக்கு மட்டும் போதும்.

எதைப் போட்டாலும் தினமும் கிளற வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது, லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி, தூசி பறந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. தண்ணீர்ப் பாத்திரத்தடியில்தான் முதலில் கெடும்; அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சுண்ணாம்பு தூவினால் முதலில் அமோனியா கூடத்தான் செய்யும். கோழிகளை வெளியே விட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூவுங்கள்.

அள்ளிய கூளத்தை லீக்ஸ், கரட் பாத்திக்குப் பச்சையாகப் போடாமல் குவித்து மட்க வையுங்கள். உமி மட்க நாளாகும். மரத்தூள் அரைகுறையாக மட்கிய நிலையில் பாத்திக்குப் போனால் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.