‘ரிங்கில் போட்ட மாஸ்க்’ என்று விற்கிறார்கள், உஷார்

ரெஸ்லிங் வீரர்கள் அணிந்த மாஸ்க், கோட், பேன்ட் ஆகியவற்றை இணையத்தில் தேடி வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டபிள்யூடபிள்யூஇ ரெஸ்லிங் வீரர் ரே மிஸ்டீரியோ ரிங்கில் அணிந்தது என்று சொல்லி, ரசிகர்களுக்கு விற்கும் சாதாரண மாஸ்க் ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் என் தலையில் கட்டிவிட்டார். விலை 42,000 ரூபாய். சுங்கவரி தனி. பணம் இதுவரை திரும்பவில்லை.

டென் ஸ்போர்ட்ஸில் டபிள்யூடபிள்யூஇ பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரே மிஸ்டீரியோ யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய நிகழ்ச்சி என்றால் மாஸ்க்கும் பேன்ட்டும் ஒரே ஜோடியாக, புதிய வடிவத்தில் இருக்கும். டபிள்யூடபிள்யூஇ-யின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவுக்கு 2009-இல் ஜோக்கர் வேடத்தில் வந்தாரே, அது போல. அவர் வந்த மெக்சிகோ மரபில் மாஸ்க் என்பது வெறும் அலங்காரம் இல்லை. மாஸ்க்கைப் பந்தயம் வைத்து மோதுவார்கள், தோற்றவர் எல்லார் முன்னாலும் அதைக் கழற்ற வேண்டும். அங்கே பெரும்புகழ் பெற்ற வீரர் எல் சான்ட்டோ 1984-இல் இறந்தபோது வெள்ளி மாஸ்க்கோடுதான் புதைத்தார்கள். அதனால்தான் ஒரு வீரர் உண்மையில் அணிந்த மாஸ்க்குக்கு இவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பை வைத்துத்தான் இந்த மோசடியும் நடக்கிறது.

விற்பனையாளர் பேச்சில் குறையே இல்லை. ஹாலோகிராம் ஒட்டி, எண் போட்ட சான்றிதழின் படம் அனுப்பினார். கூடவே, ரே அதே நிற மாஸ்க்கில் நிற்கும் ஒரு போட்டோ. கடைசியில், மாஸ்க்கை விளம்பரம் செய்திருந்த விற்பனைத் தளத்தின் கமிஷன் அதிகம், விலை குறைத்துத் தருகிறேன் என்று தனியாக ஒரு பேமென்ட் லிங்க் கொடுத்தார். மாஸ்க்கின் உள்பக்கப் படம் கேட்டபோது மட்டும், பேக் செய்துவிட்டேன் என்றார்.

பார்சல் வந்தது. பின்பக்கம் கயிறு கோத்திருந்தது, ஆனால் அது பார்வைக்கு மட்டும், அடியில் வெல்க்ரோ, அதாவது ஒட்டிப் பிரிக்கும் பட்டை. இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். மெக்சிகோவில் ரெஸ்லிங் மாஸ்க் தைப்பதைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லப்படுகிற அன்டோனியோ மார்டினெஸ், லியோன் ஊரைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளி. 1930களில் சைக்ளோன் மெக்கே என்ற வீரருக்காகச் செய்தார். இன்றும் ரிங்குக்குத் தைக்கும் மாஸ்க்கைப் பின்பக்கம் ஷூ மாதிரிக் கயிறு போட்டுத்தான் இறுக்குவார்கள். எதிராளி பிடித்து இழுத்தாலும் கழன்று வரக் கூடாது அல்லவா? ஒரு மேட்ச்சில் வெல்க்ரோ எவ்வளவு நேரம் தாங்கும்?

எங்கள் தெருத் தையல்காரர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே திருப்பிப் பார்த்தவுடனே, “தம்பி, இதுல லேபிள் இருந்திருக்கு, வெட்டிட்டாங்க” என்றார். கடைச் சரக்கில் வரும் அந்த லேபிளின் அடி நுனி தையலுக்குள் அப்படியே இருந்தது. கண்ணைச் சுற்றியுள்ள வடிவங்கள் துணியை வெட்டி வைத்துத் தைத்தவை அல்ல, மேலே அச்சடித்தவை. உள்ளே லைனிங் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது கறையைப் பார்த்தபோதுதான். வியர்வைக் கறை என்று விற்பனையாளர் படத்தில் காட்டிய பழுப்பு, வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. நெற்றியும் மூக்கும் படுகிற உள்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. வியர்வை உள்ளிருந்துதானே வெளியே வரும்! டீத்தண்ணியாக இருக்கும் என்றார் அண்ணன்.

விற்பனையாளர் அனுப்பிய போட்டோவையே பெரிதாக்கிப் பார்த்தேன். மாஸ்க்கின் நெற்றியில் உள்ள சிலுவை வடிவத்தின் கீழ் முனை ரே முகத்தில் புருவங்களுக்கு நடுவே முடிகிறது. என்னிடம் இருப்பதில் அதற்கு நன்றாக மேலே நின்றுவிடுகிறது. கையால் வெட்டித் தைக்கும் பொருளில் வடிவம் எங்கே விழுகிறது, எந்தத் தையல் வளைந்திருக்கிறது என்பதெல்லாம் கைரேகை போல. ஒரே பொருளென்றால் போட்டோவோடு பொருந்தியே ஆக வேண்டும். சான்றிதழில் போட்டிருந்த நிறுவனத்தைத் தேடியதில், அது அந்த விற்பனையாளரே நடத்துவது. அவர் சரக்குக்கு அவரே சான்று.

பணத்தைத் திரும்பப் பெற வங்கியில் புகார் கொடுத்தேன். அங்கேதான் அந்த லிங்க்கின் நோக்கம் புரிந்தது. அதன் ரசீதில் ‘பயன்படுத்திய வேட முகமூடி, ஒன்று’ என்று மட்டும் இருக்கிறது. ரே பெயர் இல்லை, ரிங்கில் அணிந்தது என்ற பேச்சே இல்லை. ரசீதில் உள்ள பொருள் வந்து சேர்ந்துவிட்டது என்று வங்கி கையை விரித்துவிட்டது. தளமும், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று சொல்லிவிட்டது. அப்புறம் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்து சைபர் குற்றப் பிரிவில் பதிவு செய்திருக்கிறேன். விசாரணை நடக்கிறது.

ஆகவே, எவ்வளவு நயமாகப் பேசினாலும் உள்பக்கப் படமும் பின்பக்கக் கயிறு அவிழ்த்த படமும் வராமல் பணம் அனுப்பாதீர்கள். வீரரின் பெயர், எந்த நிகழ்ச்சி, ரிங்கில் அணிந்தது என்ற உறுதி, இவை மூன்றும் ரசீதிலேயே இருக்க வேண்டும். சாட்டில் சொன்னது கணக்கில் வராது. அதே ஆள் இப்போது வேறு பெயரில் ஊதா நிற மாஸ்க் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். பச்சைக் கம்பளத்தின் மேல் வைத்து எடுத்த படம், அதே மாதிரி ஹாலோகிராம் சான்றிதழ். யாராவது விலை பேசிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள், ரசீதுகளைச் சேர்த்துப் புகாரோடு கொடுத்துவிடலாம்.