உதவி நாய் என்று சொல்லி எங்களுக்கு விற்ற குட்டி: பணம் கட்டுவதற்கு முன் வாசியுங்கள்

மனவடுவோடு வாழும் உறவினர் ஒருவருக்காகப் பயிற்றப்பட்ட உதவி நாய் வாங்க எண்ணியிருக்கும் குடும்பங்களுக்காக, என் தம்பியின் சம்மதத்தோடு இதனை எழுதுகிறேன்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து நாங்கள் வெளியேறியபோது தம்பிக்கு 16 வயது. இன்று கொக்குவிலில் எங்களோடு இருந்து வயரிங் வேலைக்குப் போய் வருகிறான். பகலில் பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இரவில் கத்திக்கொண்டு எழும்புவதும், கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் ஒடுங்குவதும் வீட்டிலுள்ளவர்களுக்கு மட்டுமே தெரிந்தவை. பல ஆண்டுகளாகக் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுத்து வருகிறான். அதனால் நல்ல பயனும் உண்டு. ஆயினும் கனடாவிலுள்ள எங்கள் பெரியம்மாவின் மகன், போருக்குப் போய்த் திரும்பிய படையினருக்கு அங்கே இத்தகைய நாய்கள் உதவுவதை எடுத்துச் சொல்லி, காசைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கூறியபோது, எங்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது.

முகநூலில் வேறு மாவட்டத்துப் பயிற்சி நிலையம் ஒன்றின் காணொளியைக் கண்டோம். கெட்ட கனவில் புரளும் ஒருவரை மஞ்சள் நிற லாப்ரடோர் நாய் மூக்கால் இடித்து எழுப்பி, சுவரிலுள்ள ஆளியைத் தள்ளி வெளிச்சம் போட்டது. விலை 4,50,000 ரூபா. பாதியை முன்னரே தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கில் வைப்பிலிட வேண்டும் என்றார்கள். அந்த நிலையத்தை நடத்துபவர் எங்கள் வளவின் அளவையும் காசு எப்போது வரும் என்பதையும் கேட்டாரே தவிர, தம்பி எத்தனை மணிக்கு எழும்புவான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், நாய் என்றால் அவனுக்குப் பிடிக்குமா என்று ஒரு தடவையேனும் கேட்கவில்லை. அப்போதே நான் விலகியிருக்க வேண்டும். நாயைக் கொண்டுவந்து இறக்கிய அன்றும் அவர் தம்பியின் முகத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும், "அக்கா, இனிக் குளிசை ஒண்டும் தேவைப்படாது, நாய் பாத்துக்கொள்ளும்" என்றார்.

அந்தச் சொல்லை நம்பித் தம்பி ஒன்பது நாள் குளிசையை நிறுத்தினான். பணம் போனதைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தலைச்சுற்றும் நடுக்கமும் வந்து, இருந்த நித்திரையும் போன பின்னரே அவன் எங்களிடம் சொன்னான். இவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது, குறைப்பதென்றாலும் வைத்தியரின் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்று கிளினிக்கில் விளக்கினார்கள். நன்றாகப் பயிற்றப்பட்ட நாயும் வைத்தியத்துக்குத் துணையாக நிற்கக்கூடியதே அன்றி, அதன் இடத்துக்கு வரக்கூடியதன்று.

நாய்க்கு ஒன்றரை வயது என்று சொல்லியிருந்தார்கள். ஊர் நாய்களை மட்டுமே வளர்த்த எங்களுக்கு அதன் உயரத்தைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லை. மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்த்து, கோரைப் பற்கள் இன்னும் முழுதாக இறங்கவில்லை, ஆறு மாதக் குட்டி என்றார். உதவி நாய் ஒன்றைப் பயிற்றி முடிக்கப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் செல்லும். அதன் பிறகும் அந்த நாயை உரியவரோடு சேர்த்துப் பல நாட்கள் பழக்கியே ஒப்படைப்பார்கள். தடுப்பூசி அட்டை என்று தந்ததில் திகதிகள் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. எந்த வைத்தியரின் கையொப்பமும் இருக்கவில்லை. சிவப்பு மேலாடையைக் கழற்றியபோது, கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த இடத்தில் விரலகலத்துக்கு மயிர் உதிர்ந்து தோல் கறுத்திருந்தது.

மேலாடையோடு, அமெரிக்கச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது என்று அச்சிட்ட ஓர் அட்டையும் தந்திருந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் உதவி நாய்க்குப் பதிவோ சான்றிதழோ கேட்பதில்லை. இணையத்தில் விற்கப்படும் அத்தகைய அட்டைகளுக்கு அங்கேயே எந்த உரிமையும் கிடையாது. அச்சட்டம் பார்ப்பது, குறித்த ஒருவரின் குறைபாட்டுக்கு உதவும் குறித்த ஒரு வேலையைச் செய்ய நாய் பயிற்றப்பட்டிருக்கிறதா என்பதையே. கனவிலிருந்து எழுப்புவது, பதற்றம் வரும்போது மடியில் பாரத்தைப் போட்டுப் படுப்பது, கூட்டத்தில் முதுகுப்புறம் நின்று இடைவெளி காப்பது போன்றவை அத்தகைய வேலைகள். கூட இருந்தால் மனத்துக்கு இதமளிக்கும் செல்லப் பிராணி நல்லதுதான். ஆனால் அதற்கு நாலரை இலட்சம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார். ஆகவே, உங்கள் உறவினரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், வாங்கப்போகும் அதே நாய் அவர் முன்னால் அந்த வேலையைச் செய்வதைப் பாருங்கள். பார்க்க விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாம் வாரம் பக்கத்துக் கோயிலில் வெடி கொளுத்தினார்கள். நான் அறைக்குள் ஓடிப் பார்த்தபோது, கட்டிலுக்குக் கீழே குட்டி சிறுநீர் கழித்து நடுங்கிக்கொண்டிருந்தது. தம்பி தரையில் படுத்து, ஒரு கையால் தன் காதைப் பொத்தி, மற்றக் கையை அதன் முதுகில் வைத்திருந்தான்.

மறுநாள் அந்தக் காணொளியை அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, இது எங்கட நாட்டு ஆளி இல்லை. நாய் மேல தள்ள லைற் பத்துது. எங்கட ஆளியைக் கீழ அமத்தினால்தானே பத்தும்." அந்தக் காணொளி எங்கோ வெளிநாட்டில் எடுக்கப்பட்டது, எங்களிடம் வந்தது வேறு நாய்.

கட்டிய காசைத் திருப்பிக் கேட்டபோது முதலில் சாட்டுச் சொன்னார்கள். பின்னர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதியிருக்கிறோம், அதன் அழைப்பிலக்கம் 1977. வேறு எவரேனும் இவ்வாறு ஏமாந்திருந்தால் வங்கிச் சிட்டையையும் வந்த குறுஞ்செய்திகளையும் காணொளியையும் அழித்துவிட வேண்டாம். எங்கள் முறைப்பாட்டில் இன்று எஞ்சியிருக்கும் சான்றுகள் அவைதாம்.

தம்பி மீண்டும் குளிசை எடுக்கிறான். குட்டியைத் திருப்பிக் கொடுக்க அவன் சம்மதிக்கவில்லை. கழுத்துப் புண்ணுக்கு மிருக வைத்தியர் தந்த மருந்தை இரண்டு வேளையும் அவனே பூசுகிறான்.