சாட்ஸ்வொர்த் டியூஷன் மையம் ஒன்று: கணக்கு தேறியது, விண்ணப்பம் தேறவில்லை

என் தங்கை மகள் கடற்படையில் சேர்ந்து, பின்னர் சல்டான்ஹாவில் உள்ள தென்னாப்பிரிக்க ராணுவ அகாடமியில் பட்டம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்த அவளிடம் அதற்குத் தேவையான இரண்டு பாடங்கள் இல்லை. அந்தக் குறையை நிரப்புவதற்காக 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அக்டோபர் வரை டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு டியூஷன் மையத்துக்கு அவளை அனுப்பினோம். அந்த மையம் இரண்டு சேவைகளை விற்கிறது. ஒன்று பாடம் கற்பிப்பது. மற்றொன்று 'ராணுவ அகாடமி விண்ணப்ப உதவி'. இரண்டுக்கும் பணம் கட்டியவன் நான் என்பதால், இரண்டையும் பற்றி எழுதும் உரிமை எனக்கு உண்டு. மையத்தின் பெயரை வெளியிடவில்லை. ஆனால் இதே தேவையோடு எந்த மையத்தின் படியேறினாலும் என்ன கேட்க வேண்டும் என்பது இதைப் படித்தால் விளங்கும்.

முதலில் குறை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்கள் பகுதியில் இவள் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் இதே கதைதான். அவள் பத்தாம் வகுப்பில் இருந்த 2021-இல் பெருந்தொற்றின் காரணமாக உயர்நிலைப் பள்ளிகள் சுழற்சி முறையில்தான் நடந்தன. பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீடு. அந்த ஜூலையில் டர்பனில் நடந்த கலவரமும் கொள்ளையும் ஊரையே முடக்கின. பதினொன்றாம் வகுப்பில், 2022 ஏப்ரல் வெள்ளம் சாலைகளையும் பள்ளிகளையும் அடித்துச் சென்றது. கணக்கு என்பது ஒரு படியை விட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாத பாடம். அவள் பின்தங்கினாள், பள்ளியில் மேத்ஸ் லிட், அதாவது கணிதத்துக்குப் பதிலாக எடுக்கும் எளிய பாடமான கணித எழுத்தறிவுக்கு மாறச் சொன்னார்கள், இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பிசிகல் சயின்ஸும் அதனோடு போயிற்று. மேத்ஸ் லிட்டில் நல்ல மதிப்பெண் வாங்கி, பட்டப்படிப்புக்குத் தகுதி தரும் மெட்ரிக் தேர்ச்சியோடு வெளியே வந்தாள். சான்றிதழைப் பார்த்தால் குறையே தெரியாது. படையின் தொழில்நுட்பப் பணிகளுக்கான அறிவிப்பில் கணிதமும் பிசிகல் சயின்ஸும் வேண்டும், மேத்ஸ் லிட் ஏற்கப்படாது என்ற வரியைப் படிக்கும்போதுதான் அது தெரிகிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன. 21 வயது நிறைந்தவர்கள் எழுதும் திருத்தப்பட்ட சீனியர் சர்டிபிகேட் ஒரு வழி. அதில் பள்ளிசார் மதிப்பீடு கிடையாது, தேர்வு எழுதினால் போதும். சுலபமான வழி அதுதான் என்று அக்கம்பக்கத்தில் பலர் சொன்னார்கள். ஆனால் இளைஞர்கள் படைக்குள் நுழையும் வழியான, ராணுவத்தின் இரண்டாண்டுத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர வயது வரம்பு 18 முதல் 22 வரை. மூன்றாண்டு உயர்கல்வி முடித்தவர்களுக்கு மட்டும் 26. அவளுக்கு அப்போது வயது 19. இருபத்தொன்று ஆகும்வரை காத்திருந்து, தேர்வெழுதி, முடிவுக்குக் காத்திருந்து, பிறகு விண்ணப்பித்தால் கதவு சாத்தும் நேரத்தில்தான் வாசலுக்குப் போய்ச் சேருவாள். ஆகவே இரண்டு பாடங்களையும் மெட்ரிக் தேர்வான தேசிய சீனியர் சர்டிபிகேட் முறையிலேயே புதிதாக எடுப்பது என்று முடிவாயிற்று. அதில் ஆண்டு முழுதும் நடக்கும் பள்ளிசார் மதிப்பீட்டுக்கு 25 விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு 75 விழுக்காடு. இந்த வயதுக் கணக்கை முதல் நாளே பென்சிலால் போட்டுக் காட்டியவர் அந்த மையத்தில் கணிதம் கற்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகள் அவரை மேம் என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

மையம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டின் பின்புற அவுட்பில்டிங்கை இரண்டு அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். ஒரு பாடத்துக்கு மாதம் 1,200 ராண்ட். வாரம் மூன்று மாலை, சனிக்கிழமை காலை. தொடக்கத்தில் மின்வெட்டு இருந்த நாள்களில் சார்ஜ் விளக்கை வைத்துப் பாடம் நடந்ததே தவிர, வகுப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. நாற்காலிகள்தாம் மோசம், ஒன்றின் கால் ஆடும், மற்றொன்றின் முதுகு இல்லை.

முதல் வாரம் மேம் ஒரு சோதனைத் தாள் கொடுத்தார். அதில் பன்னிரண்டாம் வகுப்புக் கேள்வி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கேள்விகள். கடன் வட்டி, வாட் வரி, வரைபடத்தைப் படிப்பது போன்றவற்றை எங்கள் பெண் நிமிடத்தில் முடித்தாள். ஒரு முக்கோவையை, அதாவது மூன்று உறுப்புகள் கொண்ட கோவையை, காரணிப்படுத்தச் சொன்ன இடத்தில் எழுதுகோல் நின்றுவிட்டது. குறி மாறும் இடங்களில் எல்லாம் தவறு. மேம் அந்தத் தாளில் மதிப்பெண் போடாமல், தவறுகள் எந்த வகுப்பின் எந்தப் பருவத்தைச் சேர்ந்தவை என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். பள்ளி மூடியிருந்த மாதங்களோடு அவை ஏறக்குறைய அப்படியே பொருந்தின. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மற்ற மையங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பழைய வினாத்தாள்களைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கும்போது, இங்கே முதல் ஏழு வாரம் பழைய பாடத்தையே தோண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருந்தது. கட்டிய பணம் ஒன்பதாம் வகுப்புக்கா என்று ஒருமுறை கேட்டும்விட்டேன். வீட்டில் ஆயா வேறு, "கப்பலுக்குப் போறவளுக்குக் கணக்கு எதுக்கு?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் வகையீட்டில் அவள் தடுமாறாமல் போனபோதுதான் மேம் செய்தது சரி என்று எனக்குப் பட்டது.

வடிவியல் வகுப்பை ஒரு சனிக்கிழமை பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணத்தைப் பற்றிய தேற்றம். எங்கள் பெண் விடையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே அதற்கான காரணத்தை எழுதவில்லை. மேம் சிவப்பு மையால் காலியாக விட்ட இடங்களை ஒவ்வொன்றாக வட்டமிட்டு, "இங்கே ஒன்று போயிற்று, இங்கே ஒன்று போயிற்று" என்று எண்ணிக் காட்டினார். கணிதத் தேர்வின் இரண்டாம் தாளில் காரணம் எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும் என்பது பள்ளியில் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்குப் பழக்கத்தில் வந்திருக்கும். இடையில் பாடத்தை விட்டவளுக்கு யாராவது உட்கார்ந்து சொன்னால்தான் தெரியும். அந்த வேலையை இவர்கள் சலிக்காமல் செய்கிறார்கள்.

பிசிகல் சயின்ஸ் வகுப்பு சுமார்தான். இயற்பியல் ஆசிரியர் நன்றாக நடத்தினார். வேதியியலுக்கு இடையில் இருமுறை ஆள் மாறியது. ஆய்வகம் இல்லாததால், செய்முறைகளுக்காக இரண்டு சனிக்கிழமைகளில் வேறொரு பள்ளிக்கு வேனில் அழைத்துச் சென்றார்கள். வேன் கட்டணம் தனி. பள்ளிசார் மதிப்பீட்டை நடத்த அனுமதி பெற்ற வேறொரு நிறுவனத்தோடு இணைந்து மையம் இயங்குகிறது. ஒப்படைப்புகளைக் காலத்தோடு வாங்கி அனுப்பியதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நீங்கள் சேரும் மையம் இப்படி எந்த ஏற்பாடும் இல்லாமல் வெறும் பாடம் மட்டும் நடத்துமானால், 25 விழுக்காடு எங்கிருந்து வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி அந்த விண்ணப்ப உதவி. இதற்குத் தனியாக 2,500 ராண்ட். இதை நடத்துபவர் மேம் அல்ல, மையத்தின் உரிமையாளர். அவர் கொடுத்த கோப்பில் அழகான அட்டை, உள்ளே 'அகாடமி எதிர்பார்க்கும் பாடங்கள்' என்று ஒரு பட்டியல்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் நான்கு ஆண்டு, அந்நிய மொழி இரண்டு ஆண்டு, ஆய்வகத்துடன் கூடிய அறிவியல் இரண்டு ஆண்டு. என் தங்கை அதைப் படித்துவிட்டு, மகள் பள்ளியில் எடுத்த தமிழ் அந்நிய மொழியில் சேருமா என்று கவலையோடு கேட்டாள். நானும் யோசித்துக்கொண்டே அடுத்த வரிக்கு வந்தேன். 'அமெரிக்க வரலாறு, ஓர் ஆண்டு' என்று இருந்தது.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி தன் விண்ணப்பதாரர்களுக்குப் பரிந்துரைக்கும் பாடப் பட்டியல் அது. யாரோ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் பரிந்துரைக் கடிதத்தின் மாதிரி ஒன்று இருந்தது. 'மாண்புமிகு செனட்டர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினரின் நியமனம் இல்லாமல் பெரும்பாலோர் அந்த அகாடமிக்குள் நுழைய முடியாது என்பது உண்மைதான். சாட்ஸ்வொர்த்தில் நான் எந்த செனட்டரைத் தேடுவேன்? எங்கள் கவுன்சிலரைப் பிடிப்பதற்கே மூன்று மாதம் ஆகிறது.

சிரிப்புக்குரிய பிழையோடு அது நின்றிருந்தால் நான் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். அகாடமிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்ற நினைப்பின் மேலேயே அந்தச் சேவை முழுவதும் கட்டப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்க ராணுவ அகாடமி 1950-இல் பிரிட்டோரியாவில் தொடங்கி, பின்னர் சல்டான்ஹாவுக்கு இடம் மாறி, 1961 முதல் ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்குகிறது. அங்கே அளிக்கப்படும் மூன்றாண்டு ராணுவ அறிவியல் பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம். பள்ளி முடித்த பிள்ளை மற்றக் கல்லூரிகளைப் போல அங்கே நேராக எழுதிப் போட்டு இடம் பிடிப்பதில்லை. தரைப்படை, விமானப்படை, கடற்படை, ராணுவ மருத்துவப் பிரிவு ஆகியவற்றில் ஒன்றுக்குத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை, உடல்திறன், உளத்திறன் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டி, அடிப்படைப் பயிற்சி முடித்து, அதிகாரியாகத் தகுதியுள்ளவள் என்று அந்தப் படையே தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் சல்டான்ஹா. ஆகவே ஒரு பிள்ளையின் பாடக் குறை அகாடமியின் வாசலில் வந்து நிற்பதற்கு வெகு முன்பே, படைப்பிரிவின் முதல் வடிகட்டலிலேயே எடைபோடப்படுகிறது. இதை அறியாமல் விண்ணப்ப உதவி என்று பணம் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

சொல்லப்போனால், படையில் சேர விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் மோசடிக்காரர்களைப் பற்றிப் பாதுகாப்புத் துறையே திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. இந்த உரிமையாளர் மோசடிக்காரர் அல்லர், அறியாதவர்; இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்றாலும் என் பையிலிருந்து போனது அதே பணம்தான். உண்மையில் தேவைப்பட்ட வேலையை எங்கள் பெண் ஒரு காலைப் பொழுதில் தானே செய்து முடித்தாள். அடையாள அட்டை, மெட்ரிக் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். மேசையில் இருந்த பெண் காவலர் ஒவ்வொரு நகலையும் மூலத்தோடு ஒப்பிட்டு, முத்திரை குத்தி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. நகல் எதற்கு என்று கேட்டவர், கடற்படை என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் சின்னத் தாத்தாவும் அப்படித்தான் நிமிர்ந்து பார்த்தார். 1970-களில் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனியாக அமைத்த ஜலசேனா பயிற்சி நிலையத்தில் இருந்தவர் அவர். அந்தக் காலத்தில் அவரைப் பாராட்டியவர்களும் உண்டு, வெள்ளை அரசின் சீருடையைப் போட்டான் என்று பேச்சை நிறுத்தியவர்களும் உண்டு. பேத்தியிடம் அதைப் பற்றி எதுவும் பேசாமல், கணிதத்தில் எத்தனை என்று மட்டும் கேட்டார்.

கணிதத்தில் 63. ஏழு நிலைகளில் ஐந்தாம் நிலை. பிசிகல் சயின்ஸில் 54, நான்காம் நிலை. பத்தாம் வகுப்பின் முக்கோவையில் எழுதுகோல் நின்ற பெண்ணுக்கு ஒன்பது மாதத்தில் இது கிடைத்தது என்றால், மேம் வாங்கிய 1,200 ராண்ட் மிகக் குறைவு என்றே சொல்வேன். வேதியியலுக்கு நிலையான ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால் இன்னும் ஆறேழு மதிப்பெண் கூடியிருக்கும். கணித வகுப்பில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஜனவரியிலேயே போய்ச் சொல்லி வையுங்கள். மேம் ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் எடுப்பதில்லை.

விண்ணப்ப உதவிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உரிமையாளர் கோப்பின் அட்டைக்கும் அச்சுக்கும் ஆன செலவு என்று கழித்துக்கொண்டு 1,500 ராண்ட் கொடுத்தார். போன மாதம் மேமுக்கு ஒரு பெட்டி இனிப்பு கொடுக்கப் போனபோது, புதிதாகச் சேர வந்த ஒரு தாயின் கையில் அதே கோப்பைப் பார்த்தேன். வாங்கிப் புரட்டினேன். அமெரிக்க வரலாறு நீக்கப்பட்டிருந்தது. செனட்டர் இன்னும் அங்கேயேதான் இருந்தார்.