மூன்று மண்டையோடுகளும் கடுகும்

பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். சிம்பன்சி, மிஸஸ் பிளெஸ், இன்றைய மனிதர் என மூன்று ரெசின் மண்டையோடுகள் கொண்ட செட் இது. ஜூன் மாதம் கைக்காசு 9,400 ரூபாய் போட்டு வாங்கினேன். ஆறு மாதமாக வகுப்பில் பிள்ளைகள் கையில் புழங்குகிறது.

மிஸஸ் பிளெஸ் என்பது தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில் 1947-ல் ராபர்ட் புரூமும் ஜான் ராபின்சனும் எடுத்த மண்டையோடு. ஆஸ்திரலோபித்தகஸ் என்ற, மனிதருக்கு நெருங்கிய பழங்கால இனத்தைச் சேர்ந்தது. 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையது. இந்த செட்டின் உயிரே அதுதான்.

கவிழ்த்துப் பிடித்து, தண்டுவடம் நுழையும் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். சிம்பன்சியில் விரல் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மனிதரில் நேர்கீழே இறங்கும். பிளெஸில் கிட்டத்தட்ட மனிதரைப் போலவே இருக்கிறது. தலை முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதாவது நிமிர்ந்து நடந்த உயிர். சரி, மூளை? அதே துளை வழியாகக் கடுகை நிரப்பி அளவுக் குடுவையில் கொட்டினோம். சிம்பன்சி 380 மில்லி, பிளெஸ் 470, மனிதர் 1,340. அசல் பிளெஸுக்கு 485 என்று கணக்கு. அச்சு எவ்வளவு நேர்த்தி என்று பாருங்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அப்போ நடைதான் முதல்லயா மிஸ்?" என்றாள்.

அதேதான். தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, அதே இனத்தைச் சேர்ந்த டாவுங் குழந்தையின் மண்டையோட்டை வைத்து 1925-ல் உடற்கூறியலாளர் ரேமண்ட் டார்ட் சொன்னதும் இதுதான், பலர் ஏற்கவில்லை. மூளைதான் முதலில் பெருத்தது என்று நினைத்தார்கள். பெரிய மூளையும் குரங்குத் தாடையுமாக இங்கிலாந்தில் காட்டப்பட்ட பில்ட்டவுன் மனிதனை நம்பிக்கொண்டிருந்தார்கள். அது மோசடி என்று 1953-ல்தான் அம்பலமானது.

குறைகளும் உண்டு. சிம்பன்சியின் கீழ்த்தாடை ஸ்பிரிங் இரண்டாவது வாரமே கழன்றுவிட்டது. விற்றவர்களுக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. அதைவிட எனக்குக் கோபம் வந்தது கூடவே வைத்திருந்த விளக்கத் தாளைப் பார்த்து. சிம்பன்சி படிப்படியாக நிமிர்ந்து மனிதனாவது போல வரிசைப்படம் போட்டிருக்கிறார்கள். சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. இருவருக்கும் பொதுவான மூதாதை வேறு. அந்தத் தாளைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே இல்லை.

அப்புறம், நடையைப் பற்றி முழுதாகச் சொல்ல இடுப்பெலும்பும் வேண்டும், அது இதில் கிடையாது. 1974-ல் எத்தியோப்பியாவில் கிடைத்த லூசி என்ற ஆஸ்திரலோபித்தகஸ் எலும்புக்கூட்டின் இடுப்பெலும்பு மாதிரியைத் தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், அதில் பாதி பிளெஸுக்கு மட்டும்.